அஞ்சும் அஞ்சும் எப்பப் பத்து? ஸ்கேலார், வெக்டர் பத்திக் கொஞ்சம்

அண்ணன் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. போன வாரம் ராத்திரி எட்டரைக்கு பிசிக்ஸ் புக்கத் தூக்கிட்டு வந்து நின்னா, மறுநாள் டெஸ்ட்டாம். "சித்தப்பா, அளவு மட்டும் இருந்தா ஸ்கேலார், அளவும் திசையும் இருந்தா வெக்டர், கரெக்டா?"ன்னா. கரெக்ட்டுன்னேன். "அப்ப கரண்டு? சர்க்யூட்ல கரண்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு அம்புக்குறி போடச் சொல்றாங்க, போடலன்னா மார்க்க குறைக்கிறாங்க. திசை இருக்குல்ல? ஆனா புக்குல ஸ்கேலார்னு போட்டிருக்கு. எது தப்பு?"

டீயக் குடிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் ஓட்டிட்டேன். ஏன்னா நான் படிக்கிறப்பவும் இதே சந்தேகம் வந்துச்சு, கேட்டேன், "புக்குல இருக்கிறத எழுது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, நானும் அத அப்படியே எழுதி மார்க் வாங்கி பிஎஸ்சியும் முடிச்சு வெளிய வந்துட்டேன், அந்தக் கேள்வி மட்டும் அங்கயே நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி அவளுக்குச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே தெளிவானதையும்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. புக்குல இருக்கிற அந்த வரி தப்பு இல்ல, ஆனா பாதிதான். திசை இருக்கா இல்லையான்னு பார்க்கிறது வாசல் வரைக்கும் வர்ற மாதிரி. உள்ள போகணும்னா இன்னொரு கேள்வி கேக்கணும்: இந்த மாதிரி ரெண்டு அளவக் கூட்டினா என்ன வருது? வெக்டரோட விஷயம் எல்லாமே அந்தக் கூட்டல்லதான் இருக்கு.

மீன் மார்க்கெட்டுக்குப் போறீங்க. சங்கரா 2 கிலோ, மத்தி 3 கிலோ. ஒரே பையில போட்டா 5 கிலோ. பையக் கிழக்கால திருப்பிப் பிடிச்சாலும் 5, தலைகீழாத் தொங்கவிட்டாலும் 5 (மீன் கீழ விழாம இருந்தா). நிறை, நேரம், கன அளவு, ஆற்றல், இதெல்லாம் இப்படித்தான், சும்மா ஒண்ணாங்கிளாஸ் கூட்டல், எண்ணும் யூனிட்டும் இருந்தாப் போதும். இதுல பெருசா பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

இப்ப பாண்டிக்கு வாங்க. நம்ம ஊரு தெரு மாதிரி கோணல் மாணலா இருக்காது, பழைய டவுன் முழுக்க கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும், 1690கள்ல கொஞ்ச வருஷம் டச்சுக்காரங்க பிடிச்சு வச்சிருந்தப்ப போட்ட பிளான்தான் அதுக்கு அடிப்படைன்னு சொல்வாங்க, பிரெஞ்சுக்காரங்க அப்புறம் அதையே வச்சுக்கிட்டாங்க. வெக்டர் சொல்லித்தர இதவிட நல்ல ஊர் கிடையாது. நேரு வீதியில கிழக்கால, அதாவது பீச் பக்கமா, 400 மீட்டர் நடக்கிறீங்க. அப்புறம் குறுக்க வர்ற ஒரு தெருவுல திரும்பி தெக்கால 300 மீட்டர். கால் வலிச்சது 700 மீட்டருக்கு. ஆனா கிளம்பின எடத்துல இருந்து இப்ப நிக்கிற எடத்துக்கு நேரா ஒரு கயிறு கட்டினா 500 மீட்டர்தான் வரும், பித்தாகரஸ் கணக்கு, 400ஐ வர்க்கம் பண்ணி 300ஐ வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுங்க. அந்த 700 தொலைவு. இந்த 500, அதோட "கிழக்குக்கும் தெக்குக்கும் நடுவுல, கிழக்குல இருந்து 37 டிகிரி சாஞ்சு"ங்கிற சேதி, ரெண்டும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி. மொதல்ல தெக்கால போய்ட்டு அப்புறம் கிழக்கால போனாலும் அதே எடத்துலதான் வந்து நிப்பீங்க. இந்தக் கடைசி வரிய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

"400ம் 300ம் 500ஆ?"ன்னு அவ கேட்டா. அதுதாம்மா வெக்டர்ன்னேன். அஞ்சும் அஞ்சும் பத்துன்னு சத்தியம் பண்ண முடியாது. ரெண்டும் ஒரே பக்கம்னா பத்து, எதிர் எதிர் பக்கம்னா சைபர், செங்குத்தா இருந்தா 7.07, நடுவுல 120 டிகிரி கோணம் இருந்தா அஞ்சும் அஞ்சும் அஞ்சேதான். எண்ண மட்டும் சொன்னா விடையே வராது, கோணத்தையும் சொன்னாத்தான் வரும்.

கடலூர்-பாண்டி பஸ்ல டெய்லி போய்ட்டு வர்றவன் நான். ஆல்பேட்டை, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு போய், சாயங்காலம் அதே வழியில திரும்ப வந்து வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டும்போது என்னோட அன்னிக்கு இடப்பெயர்ச்சி சைபர். சராசரித் திசைவேகமும் சைபர். ஆனா கண்டக்டர் இடப்பெயர்ச்சிக்கு டிக்கெட் போடறது இல்ல, தொலைவுக்குத்தான் போடறாரு, இல்லன்னா எனக்கு மாசம் பூரா ஓசிதான். பஸ்ல டிரைவர் முன்னாடி இருக்கிற முள்ளு காட்டறது வேகம், ஸ்கேலார். அந்த முள்ளுக்கு வடக்கும் தெரியாது தெக்கும் தெரியாது.

இங்க தமிழ்ல ஒரு வசதி இருக்கு, நான் இதப் பெருமையாவே சொல்வேன். இங்கிலீஷ் மீடியம் பசங்க ஸ்பீடு, வெலாசிட்டின்னு ரெண்டு வார்த்தைய மனப்பாடம் பண்ணி எது எதுன்னு குழம்பிக்கிறாங்க. நமக்கு வேகம், திசைவேகம். பேருலயே விடை இருக்கு. தொலைவு, இடப்பெயர்ச்சியும் அப்படித்தான், "இடம் பெயர்ந்து எங்க போய்ச் சேர்ந்த?"ன்னு வார்த்தையே கேக்குது.

பஸ்லயே இன்னொண்ணு. வளைவுல திரும்பும்போது முள்ளு 40லயே அசையாம நிக்குது, ஆனா நின்னுட்டு வர்றவங்க எல்லாம் ஒரு பக்கமா சாயறாங்க, பக்கத்துல இருக்கிறவர் கூடை நம்ம மேல ஏறுது. வேகம் மாறல, ஏன் தள்ளுது? திசை மாறிடுச்சு. திசைவேகம்ங்கிறது எண்ணும் திசையும் சேர்ந்த ஒரே பொருள், அதுல எது மாறினாலும் அது மாறினதா அர்த்தம், அது மாறினா முடுக்கம் இருக்குன்னு அர்த்தம், முடுக்கம் இருந்தா எங்கியோ விசை இருக்கு. நம்மளத் தூக்கி அடிச்சது ஏதோ புது சக்தின்னு நினைக்க வேணாம், பஸ் திரும்பிடுச்சு, நம்ம உடம்பு நேரா போய்க்கிட்டே இருக்கப் பார்த்துச்சு, அவ்ளோதான்.

சரி, இப்ப கடலுக்குப் போவோம், ஏன்னா வெக்டரக் காலேஜ்ல படிக்காமலே கையில வச்சிருக்கிறவங்க அங்கதான் இருக்காங்க. கடலூர் தேவனாம்பட்டினத்துல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஃபைபர் போட் வச்சிருக்காரு. அவரு போகவேண்டிய எடம் நேர் கிழக்குன்னா போட்ட நேர் கிழக்குல விட மாட்டாரு. ஏன்ணேன்னு ஒரு தடவ கேட்டேன், "தண்ணி சும்மா இருக்குமா?"ன்னாரு. அவ்ளோதான் விளக்கம்.

அந்த ஒரு வரிய கணக்கா எழுதினா இப்படி வரும். துறைமுகத்துல இருந்து போட்டு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துல நேர் கிழக்கா மூக்க வச்சுப் போகுது. நம்ம கரையோரம் ஓடற நீரோட்டம் வருஷம் பூரா ஒரே பக்கம் ஓடாது, மார்ச் ஏப்ரல் மாதிரி நேரத்துல வடக்கு பக்கமா ஓடும், வடகிழக்குப் பருவமழை சமயத்துல திரும்பி தெக்கால ஓடும், நல்லா இழுக்கும்போது நொடிக்கு ஒரு மீட்டர் கூட இருக்கும். அதாவது மணிக்கு மூணரை கிலோமீட்டர் சொச்சம். வடக்கால இழுக்கிற நாள்னு வச்சுக்கங்க, கணக்குக்கு 3.5ன்னே எடுத்துக்கலாம். போட்டு தண்ணிய வெட்டிக்கிட்டு கிழக்கா 12, தண்ணி போட்டச் சுமந்துக்கிட்டு வடக்கா 3.5. சேர்த்தா 15.5 கிடையாது. 12.5தான், அதுவும் கிழக்குல இருந்து 16 டிகிரி வடக்க சாஞ்சு. ரெண்டு மணி நேரத்துல 24 கிலோமீட்டர் கிழக்கயும் 7 கிலோமீட்டர் வடக்கயும் போயிருக்கும், நேர்கோட்டுல 25. போட்டுல இருக்கிறவருக்கு எதுவுமே தெரியாது, மூக்கு கிழக்கயேதான் பார்த்துக்கிட்டு இருக்கு.

இப்ப வெவரம் தெரியாத ஆளா இருந்து, அதே மாதிரி மூக்க நேர் மேற்கா திருப்பி ரெண்டு மணி நேரம் திரும்பி வந்தா என்ன ஆகும்? கிழக்க போன 24 மேற்க வந்த 24ல அடிபட்டுப் போயிடும், ஆனா வடக்க இழுத்த 7 அடிபடாது, இன்னொரு 7 சேரும். மொத்தம் 14 கிலோமீட்டர் வடக்க, கடலூர் துறைமுகத்துல ஏறினவர் பாண்டிச்சேரி எல்லைக்குள்ள நரம்பை, நல்லவாடு பக்கம் எங்கியாவது கரையேறுவாரு. தரைய வச்சுப் பார்த்தா ஓடினது 50 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி 14, டீசல் என்னமோ 50க்கும் சேர்த்துத்தான் தீர்ந்திருக்கும்.

அதனாலதான் அந்த அண்ணன் மூக்க கொஞ்சம் தெக்கால சாய்ச்சு வைக்கிறாரு. எவ்ளோ சாய்க்கணும்னா, போட்டோட 12ல தெக்க பார்த்த பங்கு சரியா 3.5 வர்ற அளவுக்கு, கிட்டத்தட்ட 17 டிகிரி. அப்ப வடக்கும் தெக்கும் அடிச்சுக்கிட்டு சைபர் ஆயிடும், மீதி கிழக்கால 11.5 கிடைக்கும். வேகம் அர கிலோமீட்டர் குறைஞ்சாலும் போற எடம் சரியா இருக்கும். ஒரு வெக்டர இப்படி ரெண்டு பங்கா, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தாப் பிரிச்சுப் பார்க்கிறதுக்குப் பேருதான் கூறுகளாப் பிரிக்கிறது. புக்குல காஸ் தீட்டா, சைன் தீட்டான்னு வந்து பயமுறுத்தறது இதுதான், அவரு கண்ணாலயே பண்ணிடறாரு.

காத்து விஷயத்துல நம்ம ஆளுங்க இன்னும் ஒரு படி மேல. காத்துக்குப் பேர் வைக்கும்போதே திசையச் சேர்த்துத்தான் வச்சிருக்காங்க: வடக்க இருந்து வந்தா வாடை, தெக்க இருந்து வந்தா தென்றல், கிழக்க இருந்து கொண்டல், மேற்க இருந்து கோடை. இங்க ஒரு பொறி இருக்கு, பசங்க அடிக்கடி மாட்டறது. காத்துக்குப் பேர் அது எங்க இருந்து வருதோ அத வச்சு. வாடைக்காத்துன்னா அம்புக்குறி தெக்கப் பார்த்துப் போடணும். வானிலை ஆபீஸ்ல "வடகிழக்குக் காத்து"ன்னு சொன்னாலும் அதேதான், தென்மேற்க நோக்கி வீசுது. ஆனா நீரோட்டத்துக்கு நேர்மாறு, வடக்கு நீரோட்டம்னா வடக்க நோக்கிப் போறது. ரெண்டையும் ஒரே பேப்பர்ல வரையும்போது இதக் கவனிக்கலன்னா கூட்டல் மொத்தமும் தலைகீழாப் போயிடும்.

விசைக்கு வர்றேன், இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு இருக்கு. 20 கிலோ அரிசிப் பைய ரெண்டு பேர் ஆளுக்கொரு காதப் பிடிச்சுத் தூக்கறோம். ஆளுக்கு 10 கிலோ பாரம்னுதான எல்லாரும் நினைப்போம். ரெண்டு பேரும் ஒட்டி நின்னு கை நேரா தொங்கினா ஆளுக்குப் பத்துதான். ஆனா தெரு அகலமா இருக்குன்னு தள்ளித் தள்ளி நடந்தா கை ரெண்டும் விரியும், விரிய விரிய பாரம் ஏறும். ரெண்டு கைக்கும் நடுவுல 120 டிகிரி வந்துடுச்சுன்னா ஒவ்வொருத்தரும் இழுக்கிறது முழுசா 20 கிலோ பாரம். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி ரெண்டு பேருக்கும் முழுப் பாரம், அப்ப எதுக்குங்க ரெண்டு பேரு? இன்னும் விரிச்சு 150 டிகிரி ஆக்கினா ஆளுக்கு 38 கிலோவுக்கு மேல போயிடும். மேல தூக்கற பங்குக்குத்தான் பையத் தூக்க முடியும், பக்கவாட்டுப் பங்கு எல்லாம் நீங்க அவர இழுக்கிறதுக்கும் அவர் உங்கள இழுக்கிறதுக்குமே சரியாப் போயிடுது. அண்ணன் பொண்ண கூப்பிட்டு வாளியில தண்ணி புடிச்சு, கைப்பிடியில ரெண்டு கயிறு கட்டி ஆளுக்கொரு பக்கமா இழுத்தே பார்த்தோம், அவ "போதும் போதும் சித்தப்பா, நம்பறேன்"ன்னு கயிற விட்டுட்டா, ஹால்ல தண்ணி. துணி காயப்போடற கொடியக் கொஞ்சம் தொய்வா கட்டச் சொல்றது இதுக்குத்தான், வெறப்பா இழுத்துக் கட்டின கயித்துல ஈரப்போர்வை ஒண்ணு போட்டா ஆணியே பிடுங்கிட்டு வரும்.

அப்ப கரண்டு?

மூணு ஒயர் சேர்ற ஒரு ஜங்ஷன நினைச்சுக்கங்க. ஒரு ஒயர்ல 3 ஆம்பியர் உள்ள வருது, இன்னொண்ணுல 4 ஆம்பியர் உள்ள வருது, மூணாவதுல எவ்ளோ வெளிய போகும்? 7. கிர்ச்சாஃப் விதி. இப்ப அந்த ரெண்டு ஒயரையும் செங்குத்தா வளைச்சு வைங்க. பாண்டி தெருக் கணக்குப்படி 5 வரணும், வருமா? வராது, 7தான். 120 டிகிரியில வைங்க, 7தான். ஒயர முறுக்கி ஜடை பின்னி பெட்டிக்குள்ள அமுக்கினாலும் 7தான். எலக்ட்ரீஷியன் யாரும் கோணமானிய எடுத்துட்டு வீட்டுக்கு வர்றது இல்ல. மீன் பை மாதிரி கூடுது, அதனால ஸ்கேலார். அந்த அம்புக்குறி ஒயருக்குள்ள இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மட்டும்தான் சொல்லுது, ஒரு பிளஸ் மைனஸ் வேலைதான் அது, பேங்க் பாஸ்புக்குல வரவு செலவு மாதிரி. ஒயருக்குள்ள ஒவ்வொரு புள்ளியிலயும் மின்னூட்டம் எந்தத் திசையில எவ்ளோ அடர்த்தியா நகருதுன்னு கேட்டா அதுக்கு மின்னோட்ட அடர்த்தின்னு தனியா ஒண்ணு இருக்கு, அது வெக்டர்தான். குழப்பமே இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறதாலதான்.

மைனஸப் பத்தியும் ஒரு வார்த்தை. வெப்பநிலை மைனஸ் 10னா அது திசை இல்ல, சைபருக்குக் கீழன்னு அர்த்தம், அவ்ளோதான். அழுத்தமும் அதே மாதிரி ஏமாத்தும். தண்ணிக்குள்ள ஒரு புள்ளியில அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமா இருக்கு, அதுக்குன்னு சொந்தமா ஒரு திசை கிடையாது, நீங்க எந்தப் பக்கம் பரப்ப வைக்கிறீங்களோ அந்தப் பரப்புக்குச் செங்குத்தா விசை வரும். விசை வெக்டர், அழுத்தம் ஸ்கேலார். ஒரு மார்க் கேள்வியில இது வராம இருக்காது.

இவ்ளோ சொன்னதும் அவ மடக்கினா. "சரி சித்தப்பா, அளவும் திசையும் ரெண்டுமே இருந்து, ஆனா வெக்டர் இல்லாதது வேற ஏதாவது இருக்கா?" இருக்கு. கையில இருந்த புக்கையே வாங்கிக் காட்டினேன். நீங்களும் ஒரு புக்க எடுத்து மேஜை மேல வைங்க, அட்டை மேல பார்த்து, நீங்க படிக்கிற மாதிரி. மொதல்ல, உங்களுக்குத் தூரமா இருக்கிற ஓரத்தத் தூக்கி புக்க நிமிர்த்துங்க, அட்டை உங்க மூஞ்சியப் பார்க்கும். அப்புறம் மேல இருந்து பார்த்தா கடிகாரம் சுத்தற பக்கமா கால் சுத்து திருப்புங்க. அட்டை உங்க இடது பக்கத்தப் பார்த்துக்கிட்டு நிக்கும். இப்ப மறுபடி பழைய மாதிரி படுக்க வச்சு, வரிசைய மாத்துங்க: மொதல்ல கடிகாரப் பக்கமா கால் சுத்து, அப்புறம் தூரத்து ஓரத்தத் தூக்கி நிமிர்த்தறது. இந்தத் தடவ அட்டை உங்களையே பார்க்குது, புக்கோட முதுகு மேல இருக்கு, தலைப்பு பக்கவாட்டுல படுத்துக் கிடக்கு. அதே ரெண்டு சுத்து, வரிசைய மாத்தினதும் வேற விடை. சுத்தினதுக்கு அளவு இருக்கு, 90 டிகிரி. திசையும் இருக்கு, அந்த அச்சு. ஆனா பாண்டியில மொதல்ல கிழக்க போனாலும் மொதல்ல தெக்க போனாலும் ஒரே எடம்னு ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, அது இங்க உடையுது. அதனால இவ்ளோ பெரிய சுழற்சி வெக்டர் கிடையாது. கொஞ்சூண்டு கொஞ்சூண்டா சுத்தினா இந்த வித்தியாசம் தேஞ்சு காணாமப் போயிடும், அதனாலதான் கோணத் திசைவேகம் மட்டும் வெக்டரா நிக்குது. இது அவ சிலபஸ்ல இல்ல, ஆனா அன்னிக்கு அவ அதிகமா ரசிச்சது இதத்தான், அவ தம்பியையும் கூப்பிட்டு ரெண்டு புக்க வச்சு பக்கத்துல பக்கத்துல சுத்தினாங்க.

பெருக்கலப் பத்தி நீட்ட வேணாம். படக மணல்ல கயிறு கட்டி இழுக்கும்போது படகு போற திசையில இருக்கிற பங்கு மட்டும்தான் வேலைக்குக் கணக்கு, 60 டிகிரி சாய்ச்சு இழுத்தா பாதிதான் சேரும், அந்தப் பெருக்கல்ல வர்ற விடை ஸ்கேலார். ஸ்பேனரப் போட்டு நட்டத் திருப்பறது இன்னொரு வகைப் பெருக்கல், அதுல வர்ற விடை நட்டோட அச்சுப் பக்கமா நிக்கிற வெக்டர். ரெண்டு வெக்டரப் பெருக்க ரெண்டு வழி இருக்குன்னு தெரிஞ்சா இப்போதைக்குப் போதும்.

ஸ்கேலார், வெக்டர்ங்கிற பேர் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, ஹாமில்டன்னு அயர்லாந்து கணக்கு வாத்தியார். 1843 அக்டோபர் 16 அன்னிக்கு டப்ளின்ல கால்வாய் ஓரமா பொண்டாட்டியோட நடந்து போகும்போது பல வருஷமா மண்டையக் குடைஞ்ச கணக்குக்கு விடை தோணி, புரூம் பாலத்துக் கல்லுலயே கத்தியால கீறி வச்சாரு. குவாட்டர்னியன்னு பேரு அதுக்கு, நாலு பகுதி இருக்கிற எண். அதுல ஒரு பகுதிக்கு ஸ்கேலார்னும் மீதி மூணுக்கும் சேர்த்து வெக்டர்னும் பேர் வச்சவர் அவர்தான். அப்புறம் அமெரிக்காவுல கிப்ஸ், இங்கிலாந்துல ஹெவிசைடு, ரெண்டு பேரும் தனித்தனியா அதுல தேவையானத மட்டும் கத்தரிச்சு எடுத்ததுதான் இன்னிக்கு நாம படிக்கிற வெக்டர். லத்தீன்ல வெக்டர்னா சுமந்துட்டுப் போறவன். பாண்டியில கோரிமேடு பக்கம் இந்திரா நகர்ல 1975ல இருந்து வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கு, காலேஜ் சேர்ந்த புதுசுல அந்த போர்டப் பார்த்து ஏதோ பிசிக்ஸ் ஆராய்ச்சி நடக்குதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருக்கேன். அது கொசு. யானைக்கால், மலேரியான்னு நோயச் சுமந்துட்டுப் போறதால அதுவும் வெக்டர். வார்த்தை ஒண்ணுதான், இங்க புள்ளியச் சுமக்குது, அங்க கிருமியச் சுமக்குது.

கடைசியா புயல். கடலூர்க்காரன் வெக்டரப் பத்தி எழுதிட்டு புயலச் சொல்லாம விட்டா அடிக்க வருவாங்க. 2011 டிசம்பர் 30 காலையில 'தானே' புயல், 2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்' புயல். புயலுக்கு ரெண்டு வேகம் இருக்கு, டிவியில ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவாங்க. ஒண்ணு அதச் சுத்தி வீசற காத்தோட வேகம். இன்னொண்ணு அந்த மொத்த சுழலும் நகர்ற திசைவேகம். ஃபெஞ்சல் பாண்டி பக்கம் கரையக் கடக்கும்போது காத்து மணிக்கு 70, 80தான், தானேயோட 140 எல்லாம் இல்ல. ஆனா கடந்ததும் நகரவே மாட்டேன்னு அங்கயே நின்னுடுச்சு, நகர்ற திசைவேகம் கிட்டத்தட்ட சைபர், ஊத்த வேண்டிய மழை மொத்தமும் ஒரே எடத்துல ஊத்துச்சு, 24 மணி நேரத்துல பாண்டியில 45 சென்டிமீட்டருக்கு மேல. அன்னிக்கு ஊர முழுகடிச்சதுல காத்து வேகத்தவிட அந்த சைபருக்குத்தான் பங்கு அதிகம்னு சொல்வேன்.

இன்னும் ஒண்ணு. நம்ம பக்கம் புயல் எதிர்கடிகாரமா சுத்தும். மேற்க நகர்ந்து கரைக்கு வர்ற புயலோட வடக்குப் பக்கத்துல காத்து கடல்ல இருந்து தரைக்கு வீசும், தெக்குப் பக்கத்துல தரையில இருந்து கடலுக்கு. சுத்தற காத்து 70, நகர்றது 10ன்னு வச்சா, வடக்க ரெண்டும் ஒரே திசை, 80. தெக்க எதிர்த்திசை, 60. ஒரே புயல், ரெண்டு ஊருக்கு ரெண்டு விதம். வடக்கால மாட்டினவங்களுக்கு கடலும் சேர்ந்து உள்ள வரும்.

இத வச்சுத்தான் துறைமுகத்துல ஏத்தற புயல் எச்சரிக்கைக் கூண்டு நம்பர் புரியும். 5ஆம் நம்பர் போய் 6ஆம் நம்பர் ஏத்திட்டாங்கன்னா டீக்கடையில "புயல் பலமாயிடுச்சு போல"ன்னு பேசிக்குவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அது அப்படி இல்ல. 1, 2 எல்லாம் தூரத்துக் கடல்ல என்னமோ உருவாகியிருக்குன்னு சொல்றது, 3, 4 இந்தத் துறைமுகத்துக்கே காத்து வரலாம்னு. 5, 6, 7 மூணும் ஒரே அளவு ஆபத்து வகைதான், வித்தியாசம் திசையில: 5ன்னா புயல் தன்னோட பாதைக்கு இடது பக்கமா நம்ம துறைமுகத்த விட்டுட்டுப் போகும், அதாவது கடலூருக்கு வடக்க கடக்கும். 6ன்னா வலது பக்கமா விடும், நமக்குத் தெக்க கடக்கும். 7ன்னா நம்ம மேலயே, இல்லன்னா ரொம்பப் பக்கத்துல. 8, 9, 10 மறுபடி அதே இடது, வலது, நேரா, ஆனா கடும் புயலுக்கு. எண்ணு மாதிரி தெரியுது, உள்ள திசை ஒளிஞ்சிருக்கு.

இதச் சொன்னதும் புக்க மூடிட்டு எழுந்துக்கப் போனவ திரும்பவும் உக்காந்துட்டா. "அப்ப கூண்டு நம்பர் ஸ்கேலாரா, வெக்டரா?"

ரெண்டும் இல்லம்மா, பஸ் நம்பர் மாதிரி அது வெறும் குறியீடு, வேணும்னா கூட்டிப் பாருன்னேன். "அஞ்சும் ஆறும் பதினொண்ணு"ன்னா. 11ஆம் நம்பர் கூண்டுன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கு. அத ஏத்தினா வானிலை எச்சரிக்கை ஆபீஸோட தொடர்பே அத்துப்போச்சுன்னு அர்த்தம்.